யாருடைய தீவுகள்?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடை, முயல் தீவு, வான் தீவு என்று பெயர்கள் உண்டு, ஊர்கள் இல்லை. ஆனால் ஆளில்லாத தீவு, உரிமையில்லாத தீவு அல்ல.

பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கித் தலைமுறைகளாக இங்கே பாசி எடுக்கிறார்கள். 1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின, பிழைப்பு அத்துமீறலாயிற்று.

மாதம் 12 நாள்தான் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று இப்பெண்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தீவுகளைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருதை 2015இல் சின்னப்பாலம் லட்சுமி பெற்றார்.

பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் மூழ்கிவிட்டன. பாசி எடுத்ததால் அல்ல. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியதால். அத்துமீறியவர்கள் என்ற பெயர் மட்டும் பெண்களுக்கு.