ஸ்டார் ட்ரெக்கும் 17,71,561 பஞ்சு உருண்டைகளும்

ஸ்டார் ட்ரெக் என்றால் விறைப்பான முகங்களும் விண்வெளிச் சண்டைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த முதல் தொடரின் 79 எபிசோடுகளில், வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவையும் உண்டு. அவற்றில் எதற்கு முதலிடம்? ரசிகர்களுக்குள் தீராத சண்டை இது!

போட்டியில் மூன்று. 'ஐ, மட்' (நவம்பர் 1967), 'தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்' (டிசம்பர் 1967), 'எ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்' (ஜனவரி 1968). மூன்றும் மூன்றே மாதத்துக்குள் வந்தவை. காரணம், அப்போதைய தயாரிப்பாளர் ஜீன் கூன். நகைச்சுவையில் அவருக்கு ஆர்வம் அதிகம். அவர் விலகிய பிறகு இந்த மாதிரிக் கதைகள் அரிதாகிவிட்டன.

முதல் பரிசு டிரிபிள்ஸுக்குத்தான் போகவேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

எழுதியவர் டேவிட் ஜெரால்ட். எபிசோட் ஒளிபரப்பானபோது வயது 23தான். கல்லூரியில் படிக்கும்போதே கதை அனுப்பியவர். அவர் விற்ற முதல் திரைக்கதையே இதுதான்! ஆஸ்திரேலியாவில் 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக விடப்பட்ட முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்த வரலாறுதான் இதற்கு விதை.

கதையில் முயலுக்குப் பதில் டிரிபிள். கை, கால், முகம் எதுவும் இல்லாத பஞ்சு உருண்டை. தடவிக் கொடுத்தால் இதமாக முனகும். சாப்பிடும், குட்டி போடும், அவ்வளவுதான். விண்வெளி நிலையத்தில் ஒரு வியாபாரி கொடுத்த ஒன்றே ஒன்று கப்பலுக்குள் வருகிறது. பிறகு கேப்டனின் நாற்காலி வரை டிரிபிள்தான். தானியக் கிடங்கின் கதவைக் கேப்டன் கிர்க் திறக்க, கழுத்தளவு டிரிபிள் மழை! அந்த நேரத்தில் ஸ்பாக் முகத்தில் சலனமே இல்லாமல் கணக்குச் சொல்கிறார்: 17,71,561.

இது சும்மா அடித்துவிட்ட எண் இல்லை. ஒரு டிரிபிள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டி போட்டால், மொத்தம் ஒவ்வொரு முறையும் 11 மடங்காகும். மூன்று நாளில் ஆறு முறை. 11-ஐ ஆறு தடவை பெருக்கிப் பார்த்தால் சரியாக அதே எண் வரும். கூட்டு வட்டி போட்டவர்களுக்கு இந்த ஜோக் இன்னும் நன்றாகவே புரியும்!

மற்ற இரண்டிலும் நாயகர்களே கோமாளி வேஷம் கட்டுகிறார்கள். ஒன்றில் பைத்தியக்காரத்தனம் செய்து எந்திர மனிதர்களைக் குழப்புகிறார்கள். இன்னொன்றில் சிகாகோ தாதா மாதிரி தொப்பி போட்டு மிரட்டுகிறார்கள். டிரிபிள்ஸில் சிரிக்க வைக்க யாரும் முயலவில்லை. ஒரு புதிய கிரகத்தில் விளைய வேண்டிய விதைத் தானியம் காலியாகிறது. எதிரிகளான கிளிங்கன்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். எல்லோரும் நிஜமாகவே பதறுகிறார்கள், நமக்குத்தான் சிரிப்பு வருகிறது. கடைசியில் கிடங்கில் செத்துக் கிடக்கும் டிரிபிள்களால்தான் தானியத்தில் விஷம் கலந்தது தெரியவருகிறது. மனித வேஷத்தில் இருந்த உளவாளியைப் பார்த்துக் கிறீச்சிட்டுக் காட்டிக் கொடுப்பதும் அவையே. தொல்லை என்று விரட்டப்பட்டவைதான் ஒரு கிரகத்தின் சோற்றைக் காப்பாற்றுகின்றன.

1996-இல் ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாவது ஆண்டு வந்தபோது, 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு பழைய எபிசோட் ஒன்றுக்குள் தங்கள் நடிகர்களை நுழைத்துப் படம் எடுத்தது. 79-இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பஞ்சு உருண்டைகளைத்தான்!