கச்சான் காற்றும் கதியால் வேலியும்: திருகோணமலை விளைநிலங்களின் புழுதி குறித்து ஒரு மறுவாசிப்பு

விளைநிலத்து மரங்கள் காற்றைத் தூய்மையாக்கும் அளவை மதிப்பிட, ஆய்வாளர் பலரும் ஒரே கணக்கைப் போடுகின்றனர். இலைப்பரப்பு, அதில் துகள் படியும் வேகம், காற்றிலுள்ள துகள்செறிவு ஆகிய மூன்றையும் பெருக்கி, ஆண்டுக்கு இத்தனை கிலோ மாசு அகன்றது என்கின்றனர். இதை மிகைக் கணக்கு என்று மறுப்போரும் உளர். பிரித்தானிய அரசின் காற்றுத்தர வல்லுநர் குழு 2018இல், தாவரங்களால் நகரக் காற்றில் குறையும் மாசு மிகச் சில விழுக்காடே என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த முடிவைத் திருகோணமலையின் தம்பலகாமத்துக்கும் மூதூருக்கும் அப்படியே கொண்டுவருவோர், தாம் மறுக்கும் கணக்கின் குறையையே தாமும் சுமக்கின்றனர். இரு சாராரும் இலையில் படிந்த தூசியை மட்டுமே எண்ணுகின்றனர். எழாமற்போன தூசி எவர் கணக்கிலும் இல்லை.

திருகோணமலையில் கணக்கில் வரவேண்டியது அதுவே. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் கச்சான், மலைநாட்டில் மழையை இழந்து வெப்பமும் வறட்சியுமாகக் கரைக்கு இறங்குகிறது. மேட்டுநிலக் காணிகள் அப்போது காய்ந்து கிடக்கின்றன. சிறுபோக அறுவடையும் அப்பருவத்தின் கடைசியில்தான் வருகிறது. மண்ணை நகர்த்தும் காற்றின் ஆற்றல் ஏறத்தாழ அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வேகம் பாதியானால், எழும் புழுதி பாதியிலும் மிகக் கீழே செல்லும். பாதியளவு காற்றை ஊடுருவவிடும் மரவரிசை, தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தளர்த்தும். மதில்போல் அடைத்த வரிசை அப்பாலே சுழலை உண்டாக்கும். தனிப்பனை வரிசையோ அடியில் காற்றைத் தடையின்றி விட்டுவிடும்.

ஆண்டுச் சராசரி மறைக்கும் இன்னொன்று, இலை எப்போது இருக்கிறது என்பது. தடி நட்டு வளர்த்த கதியால் வேலியின் பழைய கிளுவை வறட்சியில் மொட்டையாக நிற்கும். பூவரசும் வேம்பும் அப்படியல்ல. சீமைக்கிளுவையைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு 2005இல் அதை அறிவித்தது. விறகு, பசளை, தீவனம் ஆகிய மூன்றின் பேரிலும் அது பேசப்படுகிறது. வெட்டாது விட்டால் வறட்சியில் இலையுதிர்க்கும். கொப்பு வெட்டித் துளிர்த்த மரம் இலையைத் தக்கவைக்கும். ஆகவே வெட்டும் மாதமே காற்றின் தரத்தைத் தீர்மானிக்கும் ஒன்றாகிறது. பெரும்போக அறுவடை முடிந்து பங்குனியில் வெட்டினால் கச்சானுக்குள் தழைத்துவிடும். விறகு வாங்குவோர் வசதிக்கேற்ப ஆனியில் வெட்டினால், வேண்டிய நேரத்தில் வேலி வெறும் தடிகளாகவே நிற்கும்.

இது மரத்தின் இயல்பையும் காற்றின் போக்கையும் சேர்த்துப் பார்த்து எடுத்த வாசிப்பு; வயலில் கருவி வைத்து அளந்த முடிவு என்று கொள்ளற்க. நுண்துகளுக்கு இதை நீட்டவும் நான் முனையவில்லை. 2022 டிசம்பரில் வடகீழ்க் காற்றோடு கடல் கடந்து வந்து பாடசாலைகளை மூடவைத்த புகைமூட்டத்தை எந்த வேலியும் தடுத்திராது. வயலோரம் மரம் நட்டால் நிழல் விழும், குருவி அடையும் என்ற மறுப்பில் வலுவில்லை: வேண்டுவது வயல்வெளியின் மேற்கு விளிம்பில் ஒரு வரிசை மட்டுமே. வாடைக்காலத்தில் துறைமுகப் பக்கத்துப் புகை காற்றோடு தம்பலகாமம் நோக்கி வரும்போது அந்த வரிசை எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அதற்கு வயற்காரனிடம் மரம் கேட்பதில் பொருளில்லை, புகை எழும் இடத்திலேயே கட்டுப்பாடு வேண்டும்.