மெழுகுருளைக்குப் பின்: ஐரிஷ் நேர்காணல் பாட்காஸ்ட் ஒரு வழக்காற்று ஆவணமாக

அயர்லாந்தின் பண்பாட்டைக் கொண்டாடும் தனிநபர் பாட்காஸ்ட்டுகளை வானொலியின் வாரிசுகளாகக் கருதத் தோன்றும். 1926இல் டப்ளினில் தொடங்கிய வானொலி வரை அந்த வரலாற்றை இழுத்துச் செல்வதும் எளிது. ஆனால் அவற்றின் முன்னோரை ஒலிபரப்பாளர்களிடையே தேடுவதைவிட, ஊர் ஊராகச் சென்ற நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பாளர்களிடையே தேடுவதே பொருந்தும்.

1935இல் ஜேம்ஸ் டெலார்ஜியின் தலைமையில் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், முழுநேரச் சேகரிப்பாளர்களிடம் எடிஃபோன் என்ற கனத்த கருவியைக் கொடுத்து அனுப்பியது. கதைசொல்லியின் குரல் மெழுகுருளையில் பதியும். சேகரிப்பாளர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஏட்டில் எழுதுவார். பிறகு உருளையின் மேற்பரப்பைச் சீவி மீண்டும் பயன்படுத்துவார்கள். சிக்கனம்தான் காரணம். எழுத்து தங்கியது, குரல் பெரும்பாலும் போயிற்று. சேகரிப்பாளர் என்ன கேட்டார், அன்று யார் யார் கூடியிருந்தார்கள் என்பதையெல்லாம் கதையேட்டில் காண்பது அரிது. அவர் எழுதிய நாட்குறிப்பில்தான் தேட வேண்டும். கதை ஓர் ஏட்டிலும் அது சொல்லப்பட்ட மாலைப்பொழுது வேறோர் ஏட்டிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

கேள்வியும் பதிலும் சிரிப்பும் ஒரே ஒலிப்பதிவில் தங்குவதால், பாட்காஸ்ட் இந்தப் பிரிவினையை ஒழித்துவிட்டது. லிமெரிக்கைச் சேர்ந்த பிளைண்ட்பாய், முகத்தைப் பிளாஸ்டிக் பையால் மறைத்துக்கொண்டு 2017 முதல் தம் பாட்காஸ்ட்டை நடத்திவருகிறார். ஐரிஷ் மொழியையும் நிலத்தையும் பற்றி எழுதிய மன்ஹான் மெகனுடன் அவர் பேசியதைக் கேட்கும் ஆய்வாளருக்கு, விருந்தினர் தரும் செய்தி பாதிச் சான்றுதான். மீதிப் பாதி கேள்வியில் இருக்கிறது. இன்றைய ஐரிஷ்காரர் தம் மரபில் எதைக் கேட்க விரும்புகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்பதை அதுதான் காட்டும்.

கொண்டாட்ட மனநிலை விமர்சனத்தை மழுக்கிவிடும் என்று மறுக்கலாம். அது மெய்யே, இணக்கமான இருவர் பேசும்போது தவறான தகவலும் தலையாட்டலோடு கடந்துவிடும். ஆனால் பழைய சேகரிப்பு மட்டும் நடுநிலையானதா? ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளர் அனைவரும் ஆண்கள். பேறுகாலம் பற்றிப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை அவர்கள் காதுக்கு எவ்வளவு எட்டியிருக்கும்? அங்கே சாய்வை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பாட்காஸ்ட்டில் அது காதிலேயே விழுகிறது.

உண்மையான பலவீனம் பாதுகாப்பில் இருக்கிறது. ஆணையத்தின் சேகரம் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகிறது; 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பாட்காஸ்ட்டோ வணிக நிறுவனத்தின் சர்வரில் குடியிருக்கிறது. பல நிகழ்ச்சிகளில் விளம்பரங்கள் கேட்பவரின் நாட்டுக்கும் நாளுக்கும் ஏற்ப நடுவில் செருகப்படுவதால், சென்ற ஆண்டு கேட்டதும் இன்று கேட்பதும் ஒரே பாடம் அல்ல. சுவடிப் பதிப்பாசிரியருக்கு இது பழகிய சிக்கல்தான். மேற்கோள் காட்டுவோர் கேட்ட நாளையும் நாட்டையும் குறித்தாக வேண்டும். நிகழ்ச்சி நடத்துவோரும் விளம்பரமற்ற மூல ஒலிக்கோப்பை, எழுத்துப்படியோடு, ஆணையத்தின் சேகரத்தைப் பேணும் அந்தக் கல்லூரியிடம் ஒப்படைப்பது நல்லது.