செம்புக் குடமும் வெள்ளித் துகளும்



ஊரில் எங்கள் அம்மம்மா செம்புக் குடத்தில்தான் குடிதண்ணீர் வைப்பார். அதன் காரணத்தை நான் சுவிசுக்கு வந்த பிறகே படித்தறிந்தேன்.

சூரிச் ஏரிக்கரையிலுள்ள கில்ச்பெர்க்கில் 1817இல் பிறந்த தாவரவியலாளர் கார்ல் நேகெலி, செம்பு நாணயம் கிடந்த தண்ணீரில் பாசி இறப்பதை ஆராய்ந்தார். அவர் 1891இல் மறைந்தார். அந்த ஆய்வு 1893இல் வெளிவந்தது. வெள்ளிக்கும் இதே குணமுண்டு.

நோயாளிக்குப் பொருத்தும் குழாயில் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்தால், மருந்துக்கு எளிதில் அசையா. அதைத் தடுக்கவே வெள்ளி நானோ துகள்களைப் பூசிப் பார்க்கிறார்கள். துகள் சிறுத்தால் மேற்பரப்பு கூடும். வெள்ளி அயனிகளும் விரைவாக வெளிவரும்.

ஆனால், வெள்ளி சேர்த்த துணிகளைத் துவைக்கையில் அது தண்ணீரில் கலப்பதை, சென்காலன் எம்பா ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். மருத்துவத்துக்கு உதவக்கூடிய வெள்ளி காலுறைக்கும் தேவையா? யோசித்து வாங்குவோம்.