நீராவி வாங்க ஆள் இருந்தால்: மிட்லண்ட் மின் நிலையத்தின் கதை

போன வருஷம், எங்கள் குழு மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளை ஒரே மின்னஞ்சலில் மூடிவிட்டார்கள். கோட் நன்றாகத்தான் ஓடியது. அதை வாங்குவதாக இருந்த ஒரே வாடிக்கையாளர் விலகிவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கடுப்பில், பாதிக்கு மேல் கட்டிவிட்டுக் கைவிட்ட திட்டங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது கிடைத்ததுதான் மிட்லண்ட்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர் மிட்லண்ட். டௌ கெமிக்கல் 1897-இல் அங்கேதான் தொடங்கியது. ரசாயன ஆலைக்கு மின்சாரத்தைப் போலவே நீராவியும் வேண்டும். டௌவின் பழைய கொதிகலன்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. கன்ஸ்யூமர்ஸ் பவர் என்ற மின் நிறுவனம் 1967-இல் ஒரு திட்டத்தோடு வந்தது: ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு அணு உலைகள், மின்சாரம் மாநிலத்துக்கு, நீராவி எதிர்க்கரையில் இருக்கும் டௌவுக்கு.

நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்துச் செய்கிறார்களே, அதே இணைமின் உற்பத்திதான். எரிபொருள் மட்டும் யுரேனியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரத்தைக் கம்பியில் நூற்றுக்கணக்கான மைல் அனுப்பலாம். நீராவியை அப்படி அனுப்ப முடியாது. போகிற வழியிலேயே சூடும் அழுத்தமும் போய்விடும். அதனால்தான் அணு உலையை ஊரை ஒட்டியே வைக்கவேண்டி வந்தது. அந்த நீராவியை வாங்க டௌவை விட்டால் வேறு ஆளும் கிடையாது. எங்கள் மொழியில் சொன்னால், ஒற்றை டிபென்டன்சி.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கோளாறு. உள்ளூர்க்காரரான மேரி சின்க்ளேர் போன்றவர்களின் எதிர்ப்பு, வழக்குகள். 1978-இல் டீசல் ஜெனரேட்டர் கட்டடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மண்ணுக்குள் இறங்குவது தெரிந்தது. அடியில் கொட்டிய மண்ணைச் சரியாக இறுக்கவில்லை. மறுவருஷம் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து. மிட்லண்டில் வைத்திருந்ததும் அதே பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி உலைகள். விதிகள் இறுகின, செலவு ஏறியது. சில நூறு மில்லியன் டாலரில் முடியும் என்று ஆரம்பித்த வேலை 400 கோடி டாலரைத் தாண்டியது.

1984 முடிவதற்குள் நீராவி தரவேண்டும் என்பது ஒப்பந்தம். அது நடக்காது என்று பார்த்த டௌ, 1983 ஜூலையில் விலகிக்கொண்டு வழக்கும் போட்டது. சரியாக ஒரு வருஷத்தில், 1984 ஜூலையில், சுமார் 85 சதவீதம் முடிந்திருந்த நிலையத்தைக் கைவிட்டார்கள். கன்ஸ்யூமர்ஸ் திவாலின் விளிம்புக்கே போனது.

என் கதை இந்த இடத்தில் நின்றுவிட்டது. மிட்லண்டின் கதை நிற்கவில்லை.

டௌவுக்கு நீராவி இன்னும் தேவைப்பட்டது. இணைமின் நிலையங்களிடமிருந்து மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கியே ஆகவேண்டும் என்று 1978-இலேயே பர்பா என்ற சட்டம் வந்திருந்தது. ஆனால் அப்படிப்பட்ட நிலையத்தில் மின் நிறுவனத்துக்குப் பாதிக்கு மேல் பங்கு இருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. கன்ஸ்யூமர்ஸ் 49 சதவீதம் எடுத்துக்கொண்டது; டௌவும் கூட்டாளியாகச் சேர்ந்தது. 12 எரிவாயு டர்பைன்களை நிறுவி, அவற்றின் சூடான புகையில் நீராவி காய்ச்சினார்கள். அணு நிலையத்துக்காக வாங்கிய நீராவி டர்பைனும் குளிர்விக்கும் குளமும் பயன்பட்டன. 1990-இல், 1,300 மெகாவாட்டுக்கு மேல் திறனோடு, எரிவாயு நிலையம் ஓட ஆரம்பித்தது.

எல்லாப் பழியையும் டௌ மேல் போட மாட்டேன். மண்ணை ஒழுங்காக இறுக்கியிருந்தால் டௌவுக்கு விலகக் காரணமே இருந்திருக்காது என்றும் வாதிடலாம். ஆனால் ஒன்று உறுதி. அணு உலை வெறும் மின்சாரத்துக்காக என்றால் அதை அந்த ஊரில் வைத்திருக்கத் தேவையே இல்லை. அங்கே அதைக் கொண்டுவந்தது நீராவி. அது செத்த பிறகு அதே மனையில் இன்னொரு நிலையத்தை நிற்கவைத்ததும் நீராவிதான்.

இப்போது புதுத் திட்டம் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, 'இது ஓடுமா?' இல்லை. 'இதை யார் வாங்கப் போகிறார்கள், எந்தத் தேதி வரைக்கும் காத்திருப்பார்கள்?'