"போனில கனக்கக் கதைக்க வேண்டாம்"



ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்ட வசனம்தான் இந்தத் தலைப்பு. மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற பயம் எங்களுக்குப் பழக்கமானது. அதே பயத்தை எங்கள் கார்ல்ஸ்ரூஹே நகரத்து நீதிமன்றத்தில் வழக்காக்கியவர்களில் ஒரு பெண் செய்தியாளரைப் பற்றி இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் கதீஜா இஸ்மயிலோவா. அசர்பைஜான் நாட்டவர். அவரும் வானொலியில் பணியாற்றியவர்தான். ஜனாதிபதி அலியேவ் குடும்பத்தினரின் வியாபாரத் தொடர்புகளை ஆராய்ந்து வெளியிட்டார். 2012 இல், அவருடைய படுக்கையறையில் இரகசியக் கமரா வைத்து எடுத்த படங்களைக் காட்டி மிரட்டினார்கள். பெண்ணின் மானத்தை வைத்து வாயை அடைக்கும் பழைய வழி அது. அவரோ அடங்காமல், அந்த மிரட்டலைத் தானே பகிரங்கப்படுத்தினார். 2014 டிசம்பரில் கைதானார். 2015 செப்டெம்பரில் ஏழரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2016 மே மாதம் தண்டனை குறைக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட, வெளியே வந்தார். ஆனால் அப்போது நாட்டைவிட்டுப் போக அனுமதி இருக்கவில்லை.

அவருக்கு ஜேர்மனியில் என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். இங்குள்ள வெளிநாட்டு உளவுத்துறையான பி.என்.டி., பிறநாட்டவரின் தொலைபேசி, மின்னஞ்சல் தொடர்புகளைக் கண்காணிப்பதற்கு 2016 இல் திருத்தப்பட்ட சட்டம் இடமளித்தது. தகவல் தருபவர் பயந்து ஒதுங்கினால் செய்தியாளருக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்போடும் வேறு நாட்டுச் செய்தியாளர்களோடும் சேர்ந்து கதீஜாவும் முறையிட்டார்.

2020 மே 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர் விடயத்திலும் ஜேர்மனிய அரசு, தொடர்பாடல் இரகசியத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் மதிக்கக் கடமைப்பட்டது என்றது. கண்காணிப்பை நீதிமன்றம் முற்றாகத் தடைசெய்யவில்லை. அதற்கு எல்லைகளும் சுயாதீன மேற்பார்வையும் வேண்டும், செய்தியாளருக்கும் சட்டத்தரணிக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி, சட்டத்தைத் திருத்த 2021 இறுதிவரை தவணை கொடுத்தது.

இதை வாசித்தபோது எனக்குக் கொழும்பு நினைவுக்கு வந்தது. "மௌபிம" என்ற சிங்களப் பத்திரிகையில் எழுதிய தமிழ்ப் பெண் முனுசாமி பரமேஸ்வரி 2006 நவம்பரில் கைதானார். குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமலே ஏறக்குறைய நான்கு மாதம் தடுத்து வைக்கப்பட்டு, 2007 மார்ச்சில் விடுதலையானார். கார்ல்ஸ்ரூஹேத் தீர்ப்பு கொழும்பையோ பாக்குவையோ கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறது: உரிமை கடவுச்சீட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல. யாழ்ப்பாணத்திலிருக்கும் எங்கள் உறவினருக்கும் ஜேர்மனிய அரசின் முன் அந்த உரிமை உண்டு.

அரண்மனைப் பக்கம் பிள்ளைகளோடு போனால் அந்த நீதிமன்றக் கட்டிடத்தைக் காட்டுங்கள். ஜேர்மனியரல்லாத ஒரு பெண்ணின் முறைப்பாட்டுக்கும் அங்கே பதில் கிடைத்தது என்று சொல்லிக் கொடுங்கள்.