சேலம் முன்சீப் கேட்ட கேள்வி

நூல்களைப் பற்றித் துணிந்து கருத்துரைப்பவர் பெரும்புலவராகவே இருத்தல் வேண்டும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு இருத்தல் வேண்டுவதில்லை. நல்ல வாசகர் ஒருவருடைய கருத்து ஒரு மொழியின் போக்கையே மாற்றிவிடுதலும் உண்டு. அதற்குச் சான்றாக யான் கருதுவது, கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஒரு வியாழக்கிழமையன்று, இருவரிடையே நிகழ்ந்த உரையாடலாகும்.

ஒருவர் அவ்வூர் முன்சீப், சேலம் இராமசுவாமி முதலியார். நான் வாழும் ராசிபுரம் 1997இல் நாமக்கல் மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் சேலத்தைச் சேர்ந்ததே. ஆதலின் அவரை எங்கள் ஜில்லாக்காரர் என்று உரிமை கொண்டாடும் ஆசை எனக்கு உண்டு. மற்றொருவர், அவ்வாண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர். முன்சீப்புக்கு வயது இருபத்தெட்டு, ஆசிரியருக்கு இருபத்தைந்து. மூத்த தலைமுறை இளைய தலைமுறைக்கு உபதேசித்த கதையன்று இது.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தூண்டியதன் பேரில் ஐயர் முன்சீப்பைக் காணச் சென்றார். யாரிடம் படித்தீர், என்ன படித்தீர் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்பது ஒன்றே போதும் என்று எதிர்பார்த்த ஐயர், அது போதாமை கண்டு தாம் கற்ற நூல்களை வகைவகையாக அடுக்கினார். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதிகள். பலவகை உறுப்புக்கள் கலந்த கலம்பகங்கள். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவம் பாடும் பிள்ளைத்தமிழ்கள். கோவைகள், உலாக்கள், தூதுகள். பின்னர் நைடதம் முதலிய காவியங்கள், புராணங்கள். கேட்டவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. இவற்றாலெல்லாம் பெரிய பயனில்லை என்ற பொருள்படப் பேசிவிட்டு, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என மூன்று பெயர்களையும் சொன்னார்.

ஐயர் அவற்றைக் கற்றதில்லை. சோம்பல் காரணமன்று. அவர் பயின்றது சைவ மடத்தைச் சார்ந்த கல்வி. சமண பௌத்த காவியங்களைப் பாடஞ்சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. ஏடுகள் சிலவிடங்களில் உறங்கிக்கிடந்தன. சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தைப் பவர் என்னும் பாதிரியார் 1868இல் அச்சிட்டிருந்தார். முழு நூலும் வெளிவரவில்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்து, உடனிருந்து பாடங்கேட்கவும் தொடங்கினார். தாம் கேட்ட கேள்விக்குத் தாமே பொறுப்பேற்ற வாசகர் அவர். அதுவே எனக்கு அவரிடம் மிகப் பிடித்த குணம்.

முதற்பாட்டே இடர் செய்தது. சைவ மரபில் ஊறியவர்க்குச் சமணக் கடவுள் வாழ்த்து எளிதில் பிடிபடவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். பண்டிதர்கள் கைவிட்ட அந்நூலை அங்கே ஆடவரும் பெண்டிரும் புனித நூலாகப் பாராயணம் செய்துவந்தனர்! நச்சினார்க்கினியர் உரையோ புதிர்மேற் புதிர் விடுத்தது. அவர் மேற்கோளாக எடுத்தாண்ட அடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதே தெரியவில்லை. அவ்வடிகளின் ஊற்றைத் தேடிச் சென்ற வழியிலேதான் சங்க நூல்கள் ஐயருக்கு எதிர்ப்பட்டன.

முதலியாரின் தீர்ப்பு முற்றும் சரியா? என் கருத்து வேறு. பிரபந்தங்களிலே பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை என்பது மெய். ஊரையும் தெய்வத்தையும் மாற்றினால் நூல் மாறிவிடும். பண்டைத் தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அழுதனர் என்று கேட்பவனுக்கு அவை விடை சொல்லமாட்டா. ஆனால் பயனற்றவை என்று எங்ஙனம் தள்ளுவது? பழைய ஏட்டைக் கையிலெடுத்துப் பார்த்த மாணவர் அறிவர். அதில் புள்ளி இராது. எகரக் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தோன்றும். ரகரமும் காலும் வேறுபடா. அடி முடிவதும் தெரியாது. அந்த எழுத்துக் காட்டினுள் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதற்குப் பழகிய காது வேண்டும். ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் வேறுவேறு பொருள் தரும் யமக அந்தாதிகளைச் சிறுவயதிலேயே பிரித்துப் பிரித்துப் பயின்றவர்க்கு அந்தக் காது வாய்த்திருந்தது. முதலியார் பழித்த கல்வியே முதலியார் விரும்பிய பணிக்குக் கருவியாயிற்று என்பேன்.

ஐயரும் அவற்றைக் கைவிட்டாரல்லர். தம் ஆசிரியரின் பிரபந்தத் திரட்டை 1910இல் வெளியிட்டார். உலாவும் தூதும் கோவையும் பிற்காலத்தில் அவர் கையாலேயே அச்சேறின. இது அவ்வளவாக யாராலும் பேசப்படுவதில்லை.

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், பதினோராம் வகுப்பில் சேரவரும் மாணவரிடம் என்ன படித்தீர் என்று நானும் கேட்பதுண்டு. பெரும்பாலும் பாடநூற் பெயர்களே விடையாக வரும். ஒருமுறை துப்பறியும் கதைகளாகவே பதினேழு பெயர் சொன்னான் ஒருவன். உடனிருந்த ஆசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; பதினேழு நூல்களை முடித்தவன் பதினெட்டாவதையும் முடிப்பான். ஒரு பயண நூலை எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

முதலியார் பின்னர்ப் பொதுவாழ்விலும் புகழ்பெற்றார். 1885இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர் அவரே. சிந்தாமணி 1887இல் முழுமையாக வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் தொடர்ந்தன. முதலியார் நாற்பது வயதை எட்டுமுன்பே 1892இல் காலமானார். அன்று அவர் சொன்ன மூன்று பெயர்களுள் எஞ்சிய மணிமேகலை 1898இல் அச்சாயிற்று.